பழைய படங்களுக்குள் ஒரு நிலா

நெப்டியூனின் பதினான்காவது நிலாவைக் கண்டுபிடித்தவர் அன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2013 ஜூலை 1 அன்று, அமெரிக்காவின் செட்டி நிறுவன விஞ்ஞானி மார்க் ஷோவால்டர் ஹபிள் தொலைநோக்கியின் பழைய படங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் தேடியது நிலாவை அல்ல, நெப்டியூனின் மெல்லிய வளையங்களை. அவற்றைத் தாண்டி இன்னும் சற்று வெளியேயும் பார்க்கலாமே என்று தோன்றியது. பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி. 2004 முதல் 2009 வரை எடுக்கப்பட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களைப் புரட்டினால், அதே புள்ளி மீண்டும் மீண்டும் தலைகாட்டியது.

அத்தனை ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாததில் வியப்பில்லை. விட்டம் சுமார் 34 கி.மீ.தான். பூமியிலிருந்து தொலைவோ ஏறத்தாழ 450 கோடி கி.மீ. இவ்வளவு மங்கலான பொருளைப் பிடிக்க நீண்ட நேரம் ஒளியைச் சேகரிக்க வேண்டும். ஆனால் அது நெப்டியூனை ஒரு நாளுக்கும் குறைவான நேரத்தில் சுற்றி வந்துவிடுகிறது. படம் இழுபட்டு, இருக்கிற ஒளியும் கரைந்துபோகும். சுற்றும் ராட்டினத்தில் இருக்கும் குழந்தையைப் படமெடுக்க, கேமராவும் கூடவே திரும்ப வேண்டுமல்லவா? ஷோவால்டர் அதைப் படம் எடுத்து முடிந்த பிறகு செய்தார். அந்தத் தொலைவில் ஒரு நிலா இருந்தால் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, படங்களை அதற்கேற்பத் திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கண்டுபிடித்தது தொலைநோக்கி என்பதைவிட கணக்கு என்பதே பொருத்தம். 1989இல் அருகே பறந்த வாயேஜர் 2 கூட இதைத் தவறவிட்டிருந்தது.

நெப்டியூனின் நிலாக்களுக்குக் கிரேக்க, ரோமானியக் கடல் புராணங்களிலிருந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்பது சர்வதேச வானியல் சங்கத்தின் விதி. இந்த விஷயத்தில் சங்கம் கறார். ஷோவால்டர் குழு கண்டுபிடித்த புளூட்டோவின் இரு நிலாக்களுக்கு இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியபோது, 'ஸ்டார் டிரெக்' நடிகர் வில்லியம் ஷாட்னர் முன்மொழிந்த 'வல்கன்' அமோகமாக முதலிடம் பிடித்தது. சங்கம் அதை ஏற்கவில்லை. ஆழ்கடலில் நீந்துவதிலும் கடற்குதிரைகள் மீதும் பிரியம் கொண்ட ஷோவால்டர், இம்முறை விதிக்குள்ளேயே தன் ஆசையையும் நிறைவேற்றிக்கொண்டார். இந்த நிலாவுக்கு, பாதி குதிரை, பாதி மீனாக உள்ள கிரேக்கப் புராண விலங்கான ஹிப்போகாம்ப்பின் பெயர் 2019இல் உறுதியானது.

பெயரைவிட இதன் இருப்பிடம்தான் சுவாரசியம். இதற்குச் சுமார் 12,000 கி.மீ. வெளியே, 400 கி.மீ.க்கும் அதிக விட்டமுள்ள புரோட்டியஸ் என்ற நிலா சுற்றுகிறது. இவ்வளவு பெரிய நிலாவுக்கு இத்தனை அருகில் பொடி நிலா எப்படி வந்தது? நெப்டியூன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள 16 மணி நேரம். புரோட்டியஸ் ஒரு சுற்று முடிக்க 27 மணி நேரம். வேகமாகச் சுழலும் கோளின் ஈர்ப்பு, புரோட்டியஸைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளுகிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால், ஒருகாலத்தில் அது ஹிப்போகாம்ப் இருக்கும் இடத்தருகே இருந்திருக்கிறது. போதாததற்கு, ஃபாரோஸ் என்ற மாபெரும் பள்ளம் வேறு புரோட்டியஸின் முகத்தில். அதைத் தோண்டிய வால்வெள்ளி மோதலில் சிதறிய துணுக்குகள் திரண்டதே ஹிப்போகாம்ப் என்கிறது ஷோவால்டர் குழுவின் 2019ஆம் ஆண்டு ஆய்வு. எடை குறைவானதால் இது பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டது. தாய்தான் நகர்ந்து போய்விட்டது.

இந்தக் கதையை நேரில் போய்ச் சரிபார்க்க, வாயேஜருக்குப் பிறகு எந்த விண்கலமும் நெப்டியூனுக்குச் செல்லவில்லை.