காயவைத்தால் சாகும் விதை

விதைநெல்லை வெயிலில் உலர்த்திக் குதிரில் சேர்த்து வைப்பது உழவர் வழக்கம். மழைக்காட்டுப் பழ மரங்கள் பலவற்றுக்கு இம்முறை ஆகாது. காட்டு டுரியான், ரம்புத்தான், காட்டு மா ஆகியவற்றின் விதைகளில் ஈரம் மிகுதி. அவ்வீரம் வற்றினால் முளைக்கரு மாண்டுவிடும். கடுங்குளிரையும் அது தாங்காது.

சபாவில் கினபாத்தாங்கான் ஆற்றோரக் காடுகள் 2005-ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. எனினும், செம்பனைத் தோட்டங்கள் இடையிட்டதால் அக்காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. அங்கு வாழும் ஒராங் ஊத்தானுக்கும் இருவாட்சிப் பறவைக்கும் இரை கிடைக்க, வெற்றிடங்களில் பழ மரங்கள் எழவேண்டும்.

அதற்கு வழி என்ன? கனி உதிர்ந்ததும் விதையை எடுத்து, சதை நீங்கக் கழுவி, நிழலில் ஈரமண்ணில் உடனே ஊன்ற வேண்டும். இருவாட்சி விரும்பும் அத்திக்கோ முறை வேறு. கடுகினும் சிறிய அதன் விதையைப் புதைக்காமல், ஒளிபட மண்மேல் தூவவேண்டும். நட்ட கன்றைப் புல்லும் கொடியும் மூடாமல் சில ஆண்டுகள் காப்பதும் இன்றியமையாதது.

காட்டு மரங்கள் பல எல்லா ஆண்டும் மிகுதியாகக் காய்ப்பதில்லை. காய்த்த ஆண்டில் கிடைக்கும் விதையைச் சேமிக்கவும் இயலாது. ஆகவே, உழவனுக்குக் குதிர் எப்படியோ, காடு வளர்ப்போனுக்கு நாற்றங்கால் அப்படி.