ஏற்றத்தில் பெல்ட், இறக்கத்தில் பிரேக்

மூணாரிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை தாண்டி டாப் ஸ்டேஷன் சுமார் 32 கிலோமீட்டர். உயரம் ஏறக்குறைய 1,880 மீட்டர். அங்கிருந்து பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் புகும் சாலை, வட்டவடையின் கடைத்தெருவான கோவிலூரில் போய் இறங்குகிறது. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் இந்தப் படிக்கட்டு வயல்களுக்கு நெடுங்காலம் ஜீப்தான் வாகனம். மூட்டைக்கு இன்றும் அதுதான். ஆனால் ஓர் ஆள், ஒரு பை, ஒரு மருந்துச்சீட்டு என்றால் ஜீப்பில் ஆள் சேரும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? மலைக்கு ஸ்கூட்டர் லாயக்கில்லை என்று சமவெளியில் சொல்வார்கள். அது பாதிதான் சரி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வண்டி, ஓட்டுபவர், பின்னால் ஒருவர் என மொத்தம் 240 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போக, உராய்வையும் சேர்த்து, இரண்டரை குதிரைத்திறன் போதும். 110 சிசி ஸ்கூட்டர் ஏழெட்டு குதிரைத்திறன் தரும். உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறைவதால் டாப் ஸ்டேஷனில் இதில் ஆறில் ஒரு பங்குக்குமேல் போய்விடும். போனாலும் மிச்சம் தாராளம். பழைய கார்புரேட்டர் வண்டிகள் இந்த உயரத்தில் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் குடித்துப் பிளக்கைக் கரியாக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு விற்கும் ஸ்கூட்டர்களில் காற்றின் அளவை அறிந்து பெட்ரோலைத் தெளிக்கும் ஏற்பாடு வந்துவிட்டதால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

திறன் இருப்பது வேறு, அதைச் சக்கரத்துக்குச் சரியான விகிதத்தில் கொண்டுபோவது வேறு. கியர் இல்லாத ஸ்கூட்டரின் நிஜமான அழகு இந்த இடத்தில்தான் இருக்கிறது. எஞ்சின் பக்கம் ஒரு கப்பி, பின்சக்கரத்தின் பக்கம் ஒரு கப்பி, நடுவே ஒரு பெல்ட். முன்கப்பிக்குள் இருக்கும் சிறு ரோலர்கள் எஞ்சின் வேகமெடுக்கும்போது வெளிப்பக்கம் ஒதுங்கி, கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்கும். பெல்ட் மேலேறும், வண்டி விரையும். ஏற்றம் வந்து சக்கரம் திணறினால் பின்கப்பியின் முறை. அதன் கழுத்தில் சாய்வாக வெட்டிய பள்ளம் ஒன்று உண்டு. சுமை கூடியதும் தட்டு அந்தப் பள்ளத்தில் சற்றே திருகி நெருங்கும். பெல்ட் பின்னால் உயர்ந்து முன்னால் தாழும். கொண்டை ஊசி வளைவில் மோட்டார் சைக்கிள்காரர் காலால் தேடும் குறைந்த கியரை இந்தப் பள்ளம் தானாகவே எடுத்துத் தருகிறது. சென்சார் இல்லை, கணினி இல்லை. வெறும் இரும்பும் ஸ்பிரிங்கும். இதே தத்துவத்தில் 1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ஒரு காரை அறிமுகப்படுத்தியது. நம் நாட்டில் 1980களில் கைனடிக் ஹோண்டா அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

ஸ்கூட்டரின் உருவமும் யோசித்துச் செய்ததே. 1946இல் இத்தாலியின் பியாஜியோவுக்காக வெஸ்பாவை வரைந்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளைப் பிடிக்காதவர். நடுவே காலை நுழைத்து ஏறும்படி இடம் விட்டார். எஞ்சினைப் பின்னால் தள்ளி மூடினார். புடவையோ வேட்டியோ, உடுத்தியபடியே ஏறலாம். மலைக்கிராமத்துப் பெண்கள் யாரையும் எதிர்பாராமல் சந்தைக்கும் வங்கிக்கும் போய்வர அந்த இடைவெளி தரும் விடுதலையை நான் பெரிதாகவே மதிக்கிறேன். சிறிய சக்கரம் குறுகிய வளைவில் சட்டெனத் திரும்பும். ஆனால் மழை அரித்த குழியில் அதே சக்கரம் ஆழமாக இறங்கும். அங்கே மொபெட்டின் பெரிய சக்கரம் மேல்.

இறக்கத்தில் கதை மாறுகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டார் சைக்கிளில் எஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் அந்தப் பிடி மெலிது. வேகம் நன்றாகக் குறைந்தால் கிளட்ச் விலகி, பிடியே அற்றுப்போகும். பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்து இறங்குவது ஆபத்து என்பது இதனால்தான். 200 கிலோ எடை 400 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 8 லட்சம் ஜூல். இரண்டு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். டயரும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் கையகல பிரேக்குக்குள் சூடாகிறது. சூடேறிய டிரம் பிரேக்கின் பிடி தளரும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் கட்டாயம் என்றாலும், சூடு சூடுதான். விடாமல் அழுத்திக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு இறங்க வேண்டும்.

மின் ஸ்கூட்டருக்கு மலைதான் சரியான இடம் என்று நான் நினைப்பதும் இந்த இறக்கத்தால்தான். மோட்டார் சுழலும் திசை மாறாமலே ஜெனரேட்டராகி, சூடாக வீணாகவிருந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. மேற்சொன்ன 400 மீட்டர் இறக்கத்தில் மிஞ்சுவதில் பாதி கிடைத்தாலும் சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடும். அதைவிடப் பெரிய லாபம், பிரேக்குக்குச் சுமை குறைவது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நிறைந்த பேட்டரி மேற்கொண்டு மின்சாரத்தை வாங்காது, மார்கழிக் குளிரில் இன்னும் தயங்கும். கோவிலூரிலிருந்து மூணாருக்குப் போகிறவர் முதலில் ஏறுவதால் அவருக்குக் கவலையில்லை. மேட்டுத் தோட்டத்தில் குடியிருந்து காலையில் முதல் வேலையாகக் கீழே இறங்குகிறவர், இரவில் எண்பது தொண்ணூறு சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுவது நல்லது.