‘ஹேகிள்’: சொல்லுக்குள் ஒரு கத்தி

பேரம் பேசுவதை ஆங்கிலத்தில் ‘ஹேகிள்’ என்கிறார்கள். சந்தையில் பிறந்த சொல் அல்ல அது, வெட்டுக்கத்தியிலிருந்து வந்தது. வைக்கிங்குகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த நோர்ஸ் மொழியில் வெட்டுவதற்கு ஒரு வினைச்சொல் இருந்தது. அதன் வழியில் வந்த ‘ஹேகிள்’, கோணல்மாணலாகக் கொத்திக் குதறுவதையே முதலில் குறித்தது. மொண்ணைக் கத்தியால் இறைச்சியை அறுத்தால் துண்டு நேராக விழாமல் நார்நாராகப் பிய்ந்து தொங்குமே, அதுதான். ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், போர்க்களத்தில் உடம்பெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடக்கும் பிரபு ஒருவரை இந்தச் சொல்லால்தான் வர்ணிக்கிறார்கள். அதே சொல் 1600-ஐ ஒட்டி, விலைக்கு மல்லுக்கட்டுவதற்கும் வந்துவிட்டது. விலையையும் கொத்திக் கொத்தித்தானே குறைக்கிறோம்!

இதன் உடன்பிறப்பு ‘ஹிகிள்’. பண்ணை வீடுகளில் முட்டையும் வெண்ணெயும் கோழியும் வாங்கி நகரத்தில் விற்றவர் ‘ஹிகிளர்’. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தப் பெயர் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. அங்கே அடிமைகள் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட துண்டு நிலத்தில் கிழங்கு விளைவித்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். இன்றும் அந்த ஊர்ச் சந்தைப் பெண்களை ஹிகிளர் என்றே அழைக்கிறார்கள். தன் உடம்புக்கே இன்னொருவர் விலை வைத்திருந்த காலத்தில், ஒரு கூடைக் கிழங்குக்காவது அந்த அடிமைப் பெண் தன் வாயால் விலை சொன்னாள். பேரத்தின் முழு மதிப்பும் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

பேரமே வேண்டாம், குழந்தையை அனுப்பினாலும் ஏமாறாதபடி ஒரே விலை சொல்ல வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வற்புறுத்தினார்கள். நியாயம்தான். ஆனால் அந்த ஒரே விலை இன்று எங்கே இருக்கிறது? கைப்பேசியில் விமான டிக்கெட் காலையில் ஒரு விலை, ராத்திரி ஒரு விலை. விலை மட்டும் ஏறி இறங்குகிறது. “கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்று கேட்க எதிரில் ஆள் இல்லை. கேட்டே பழகாத ஒரு தலைமுறை, சம்பளம் பேசும் இடத்தில் மட்டும் எப்படி வாய் திறக்கும்? இதுதான் என்னை உறுத்துகிறது.

இங்கிலாந்தில் ஞாயிறு காலைகளில், ஈரம் காயாத புல்வெளியில் கார் டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்பார்கள். அங்கே ஹேகிள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒருவர் தேநீர்க் கெண்டியைக் கவிழ்த்து, அடியில் விரிசலைத் தேடுகிறார். ஐந்து பவுண்டு என்கிறார் விற்பவர். விரிசலைக் காட்டி இவர் மூன்று என்கிறார். நாலில் முடிகிறது. மூடியைத் தனியாகச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கிறார் விற்பவர்.