தசையின் மேல் விழுந்த பழி

இடுப்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரை நெருக்கும்போது, பிருஷ்டத்திலிருந்து கணுக்கால் வரை சுரீரென்று இறங்குகிற சயாட்டிகா வலியைப் பற்றிச் சென்ற இதழில் பேசினோம். அந்த வலியோடு கூடவே இறுகிப்போய், வீணாகப் பழி சுமக்கிற தொடையின் பின்புறத் தசையைப் பற்றி இந்த வாரம் சிறிது விசாரிப்போம்.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலை மெல்ல உயர்த்தி, எந்தக் கோணத்தில் வலி கிளம்புகிறதென்று பார்க்கும் பரீட்சை லசேக் என்ற பிரெஞ்சு வைத்தியரின் பெயரால் வழங்குகிறது. அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் 1881இல் அதை எழுதி வெளியிட்டபோது, தசைகள் நரம்பை நசுக்குவதாலேயே வலி வருகிறதென்று காரணம் சொன்னார். ஓராண்டு முன்னரே செர்பியாவில் லாசரெவிச் என்ற வைத்தியர் (நல்ல கதாசிரியருங்கூட) நரம்பு இழுபடுவதே காரணமென்று சரியாகக் கண்டு தம் மொழியில் எழுதிவிட்டாரானாலும், பாரிஸின் பெயருக்குள்ள செல்வாக்கு பெல்கிரேடுக்கு ஏது? 1884இல் தெ போர்மான் என்பவர் ஒரு பிரேதத்தில் அந்த நரம்பை எடுத்துவிட்டு ரப்பரை வைத்துக் காலைத் தூக்கிக் காட்டினார், ரப்பர் நீண்டது.

தசையின் மேல் மின்முனைகளை ஒட்டி அதன் மின்சலனத்தைப் பதிவு செய்கிற இக்காலத்தில் விஷயம் இன்னும் தெளிவாகிறது. கால் உயர உயர, நரம்பு இழுபடும் எல்லையை நெருங்குகையில், நாம் ஏவாமலே பின்தொடைத் தசை விழித்தெழுந்து காலை மேலே போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சயாட்டிகா உள்ளவரிடம் இந்தக் காவல் முன்கூட்டியே தொடங்குகிறது. தூக்கிய காலை அப்படியே நிறுத்திப் பாதத்தை மட்டும் முகத்தை நோக்கி மடக்கினால் வலி கூடுகிறதே, அது எதனால்? பின்தொடைத் தசை முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகிறது. இவ்விரண்டில் கணுக்காலைத் தாண்டிப் போவது நரம்பு மட்டுமே.

ஆகவே, தசை குறுகிவிட்டதென்று எண்ணி அதை இழுத்து இழுத்துப் பயிற்சி செய்கிறவர், தம்மை அறியாமல் நோயுற்ற நரம்பையே இழுக்கிறார். 1870களில் ஐரோப்பியச் சத்திரவைத்தியர்கள் சிகிச்சையென்று தொடையைக் கிழித்து நரம்பை விரலாலேயே பற்றி இழுத்தார்கள் என்பதை நினைத்தால் நம்மவர் பிழை சிறியதுதான். ஆனாலும் முயலின் நரம்பை அதன் நீளத்தில் நூற்றுக்கு 8 பங்கு நீட்டியபோதே அதனுள் ரத்தவோட்டம் தடைப்படத் தொடங்கி, 15 பங்கில் அறவே நின்றதென்று 1973இல் கண்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் டேவிட் பட்லர் முதலிய பிசியோதெரபிஸ்டுகள் பரப்பிய யுக்தி வேறு. நாற்காலியில் அமர்ந்து, முழங்காலை நீட்டும்போது தலையை அண்ணாந்தும், மடக்கும்போது தலையைக் குனிந்தும், மெதுவாகத் திரும்பத் திரும்பச் செய்தால், ஒரு முனையில் இழுபடுகிற நரம்புக்கு மறுமுனையில் தளர்ச்சி கிடைத்து, அது அதிகம் நீளாமல் தன் பாதையில் வழுக்கிச் செல்கிறது. அதன் பிறகு கால் முன்னிலும் சற்று உயரச் சம்மதிப்பதைப் பலரிடம் காணலாம். தசை திடீரென்று நீண்டுவிடவில்லை, காவல்தான் தளர்ந்தது. இந்தத் தளர்ச்சி எத்தனை நாள் நிலைக்குமென்பது ஆளுக்கு ஆள் மாறும்.

ஆனால் பெருவிரலைத் தூக்க முடியாமையும், ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்த முடியாமையும் காவலின் பாற்பட்டவையல்ல. அங்கே நரம்பின் வழியே ஆணையே தசைக்குச் சரிவரப் போய்ச் சேரவில்லை. அத்தகையவரும், சிறுநீர் தடைப்படுகிறவரும், பயிற்சியை நிறுத்திவிட்டுத் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டும்.