பதினேழாம் எண் குகை

சீனாவின் வடமேற்கே, பாலை ஓரத்து ஊரான துன்ஹுவாங்கில் மொகாவோ குகைகள் இருக்கின்றன. அவற்றில் 17-ஆம் எண் குகை மிகச் சிறியது; ஒரு பக்கம் மூன்று மீட்டர்கூட இராது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் வாயிலை அடைத்து, மேலே ஓவியம் தீட்டி மறைத்துவிட்டார்கள். அங்கே தங்கியிருந்த தாவோயிசத் துறவி வாங் யுவான்லு 1900-இல் அதைத் திறந்தபோது, உள்ளே ஆளுயரத்துக்கும் மேலாகச் சுருள்கள் குவிந்திருந்தன. ஏறக்குறைய 50,000.

வாங் அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். 1907-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் வந்தார். முதலில் அவரைக் குகைக்குள் விடவில்லை. வாங்தான் கட்டுக் கட்டாக வெளியே கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனம் இளகக் காரணமாக இருந்தவர், நம் பள்ளிப் பாடங்களில் காஞ்சிபுரத்துக்கு வந்தவராக நாம் படித்த யுவான் சுவாங். தான் போற்றிய அந்தத் துறவி மொழிபெயர்த்த சூத்திரங்கள் கட்டுகளில் இருந்ததை நல்ல நிமித்தமாகக் கொண்டார் வாங். 24 பெட்டிச் சுவடிகளும் 5 பெட்டி ஓவியங்களும் வெளியேறின. செலவு சுமார் 130 பிரிட்டிஷ் பவுண்டு. 868-இல் அச்சிடப்பட்ட வஜ்ரச்சேதிகா சூத்திரம் என்ற பௌத்த நூலும் அவற்றோடு லண்டன் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு அறிஞர் பால் பெல்லியோ மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்று வாரம் அமர்ந்து, ஒவ்வொரு சுருளாகப் பிரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பாரிசுக்குக் கொண்டுபோனார். எஞ்சியவற்றில் பெரும்பகுதி 1910-இல் பீஜிங் போனது. வழியிலும் பல தொலைந்தன. கிடைத்த பணத்தில் குகைக்கோயில்களைப் பழுதுபார்த்த வாங்கை மட்டும் பழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதன்பின் அந்த ஒற்றை அறையைப் படிக்க விரும்பியவர் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்ய வேண்டியிருந்தது. பிறகு மைக்ரோஃபிலிம் வந்தது. 1994-இல் பன்னாட்டு துன்ஹுவாங் திட்டம் தொடங்கி, சுருள்களின் படங்கள் ஒவ்வொன்றாக இணையத்தில் ஏறின. 2023-இல் துன்ஹுவாங் ஆய்வகமும் டென்சென்ட் நிறுவனமும் சேர்ந்து அந்தக் குகையையே மெய்நிகர் வடிவில் கட்டின. அதற்குள் நுழைபவர் சுருள்கள் நிறைந்த அறையைப் பார்க்கிறார்; அது மூடப்பட்ட காலத்துக்கும் திறக்கப்பட்ட காலத்துக்கும் போய்வருகிறார். அதே ஆண்டில், 285-ஆம் எண் குகைக்குள் தலையில் கருவி மாட்டிக்கொண்டு உலவவும் வழி செய்தார்கள்.

பெல்லியோ போன்ற சிலர் மட்டுமே கண்ட காட்சி இன்று எவருக்கும் கிடைக்கிறது. இதைச் சிறிய பேறாக நான் எண்ணவில்லை. சுருளின் பின்பக்கமும் இப்போது பார்வைக்கு வந்துவிட்டது. பழைய காகிதத்தை வீணாக்காமல் மாணவர் எழுதிப் பழகியதும், கடன் பத்திரம் எழுதியதும் அங்கேதான். இரு நாடுகளில் கிடக்கும் ஒரே சுருளின் துண்டுகளைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

ஆனால் காகிதத்தின் தடிமன், அதன் மஞ்சள் சாயம், விரிக்கும்போது கை உணரும் விறைப்பு ஆகியவற்றைக் கருவி தருவதில்லை. காகிதத்தைக் கொண்டு காலம் கணிப்பவர் இன்றும் மூலத்தின் முன்தான் உட்கார வேண்டும். உண்மையான 17-ஆம் எண் குகையில் இப்போது சுருள்கள் இல்லை; ஹொங்பியன் என்ற பௌத்தத் துறவியின் சிலை இருக்கிறது. மெய்நிகர் அறை நிறைந்துவிட்டதால், சுருள்கள் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி தீர்ந்துவிட்டதாக யாரும் கருதிவிடக் கூடாது. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் மென்பொருள் எழுதுபவர்கள் அல்லர், சுருள்களை வைத்திருக்கும் நாடுகள்.