திறப்பு விழாவுக்கு மறுநாள்

தேனி மாவட்டம் கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பில் கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் இருக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தவருக்கு, அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15 அன்று, 2013இல் அரசு அதைத் திறந்துவைத்தது. அந்தத் தண்ணீரில் இருபோக நெல் விளையும் 14,707 ஏக்கரில் மார்க்கையன்கோட்டை வயல்களும் சேரும். வெண்கலச் சிலை, அதற்கென்று ஒதுக்கிய இடம், கவனிக்க ஆள் என்று அந்த நினைவிடத்துக்கு வாய்த்தது எல்லாச் சிலைக்கும் வாய்ப்பதில்லை. தென் மாவட்டத்து நாற்சந்தி ஒன்றில் நிற்கும் தலைவர் சிலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். சிமென்ட் உடம்புக்குத் தங்க நிறப் பெயின்ட், தோளில் போன ஜெயந்திக்குப் போட்ட மாலையின் காய்ந்த நார், சுற்றிலும் கம்பிக் கூண்டு, கூண்டுக்கு ஒரு பூட்டு. தேர்தல் அறிவிப்பு வந்தால் துணியும் சுற்றிவிடுவார்கள். திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து அந்தச் சிலைக்கு யார் பொறுப்பு என்று எந்தக் காகிதத்திலும் தெளிவாக எழுதியிருக்காது. நம் ஊர்களில் பொதுக் கலைக்கு உள்ள பெரிய குறை இதுதான் என்பது என் எண்ணம்.

விதியே இல்லை என்று சொல்ல முடியாது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அரசு அனுமதியின்றிச் சிலை வைக்க முடியாது. சாலை, நடைபாதை போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இவை எல்லாமே வைக்கலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. எதை வைப்பது என்று யார் முடிவெடுப்பது, பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும், எடுக்க வேண்டி வந்தால் யாரைக் கேட்டு எடுப்பது? இதற்கெல்லாம் அவற்றில் விடை கிடையாது. சென்னைக் கடற்கரைச் சாலையில் 2006இல் வைத்த சிவாஜி கணேசன் சிலை போக்குவரத்தை மறைக்கிறது என்று வழக்காகி, 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. 1968இல் மெரினாவில் நிறுவிய கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் எடுத்தார்கள். ஆட்சி மாறிய பிறகு 2006இல் திரும்ப வைத்தார்கள். கூடலூர் மலை மேல் மங்கலதேவி கோட்டத்துக்குச் சித்ரா பௌர்ணமிதோறும் ஏறிப் போகிற நம் பக்கத்து மக்களுக்கு அது வெறும் சென்னைச் செய்தியாக இருந்திருக்காது.

எடுப்பதற்கும் ஒரு முறை வேண்டும் என்பதை நீதிமன்றமே உணர்த்தியிருக்கிறது. தில்லி விஞ்ஞான் பவனுக்காக அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை, 1979இல் அவரைக் கேட்காமலேயே கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். துண்டு துண்டாகச் சேதமானது. பணம் கொடுத்து வாங்கிய பொருள்தானே என்ற வாதம் எடுபடவில்லை. மிச்சமிருந்ததைச் சிற்பியிடமே ஒப்படைத்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரும்படி 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குடிதண்ணீருக்கும் சாக்கடைக்குமே நிதி போதாத பேரூராட்சிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் மார்க்கையன்கோட்டை மாதிரி ஊர்களில் அலுவலகச் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் ஓவியம் வரைய ஏற்கெனவே செலவு நடக்கிறது. சிலைத் தகராறு வந்தால் ஆகும் காவல் செலவு அதைவிடப் பல மடங்கு. விதி எழுதத் தனி நிதி தேவையில்லை. மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும். பிலடெல்பியா நகரத்து மறுமேம்பாட்டு அமைப்பு 1959இல், தன் நிலத்தில் கட்டுபவர்கள் கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கியாக வேண்டும் என்று விதித்தது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. கலைப்பொருளை வைக்கக் கேட்கிறவர் பராமரிப்புக்கு ஒரு வைப்புத்தொகை கட்டினாலே பாதிச் சிக்கல் தீரும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. ஊரைக் கேட்டு முடிவெடுப்பது என்று வைத்தால், ஊரில் எண்ணிக்கை கூடிய சாதி நினைத்ததுதானே நடக்கும்? அம்பேத்கர் சிலைக்கு எத்தனை ஊர்களில் பெரும்பான்மை கிடைக்கும்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இங்கே பொதுக் கலை பற்றிப் பேசவே கூடாது. அதனால்தான் விதி, யாருடைய உருவம் என்பதில் கை வைக்கக் கூடாது என்கிறேன். ஓட்டெடுப்பும் கூடாது. பார்வையை மறைக்காத இடம், உறுதியான பீடம், பராமரிப்புத் தொகை ஆகிய நிபந்தனைகள் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். நிறைவேற்றியவருக்கு, இத்தனை நாளுக்குள் அனுமதி தந்தே ஆக வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊரார் கருத்தைக் கேட்பது இடத்தைப் பற்றியும் அளவைப் பற்றியும் மட்டும் போதும். எல்லாத் தலைவர்களையும் ஒரே பூங்காவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன வழி போக்குவரத்துக்கு நல்லது. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் தெரு முனையில் ஒரு சிலைக்காகப் போராடியதன் பொருள், அது அவர்கள் தெருவில் நிற்பதில்தான் இருக்கிறது.

சுவரோவியத்துக்கு இவ்வளவு தேவையில்லை. பெயின்ட் மங்கும், மழையில் உரியும். மூன்று வருடமோ ஐந்து வருடமோ அதன் ஆயுளை முதலிலேயே குறித்துவிட்டால் அழித்து வேறு வரைவதில் சண்டை வராது. சிலைக்குத்தான் பதிவேடு வேண்டும். செய்த சிற்பியின் பெயர், பெயின்ட் அடித்த தேதி, அடுத்து எப்போது அடிப்பது, எடுக்க நேர்ந்தால் எத்தனை நாள் முன்பு யாருக்கெல்லாம் அறிவிப்பு தருவது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். கூண்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும்.