உப்பளப் பாத்தி அளவுகளை அணியாக்குதல்: நிரை–நிரல் வரிசைச் சிக்கல்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கடற்கரையில் உப்பு விளைவது, நீர் பாத்திக்குப் பாத்தி அடர்த்தி ஏறுவதனாலேயே. ஏறத்தாழ 3 பாமே பாகையிலுள்ள கடல்நீர் வெயிலிலும் காற்றிலும் சுண்டி, 25 பாகையளவில் சோற்றுப்பாகப் படியத் தொடங்கும். 30 பாகையை அணுகினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பேறும். ஆதலின் அதற்கு முன்பே எஞ்சிய நீரை வடித்துவிடுதல் வேண்டும். எந்தப் பாத்தி எத்தனை பாகையில் நிற்கிறது என்பதில் உப்பின் தரமும் உழைத்தோரின் பயனும் அடங்கியுள்ளன.

பாத்திகள் நிரை நிரலாக அமைந்தவை. அளந்த எண்களோ குறிப்பேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பட்டியலாக நிற்கும். அப்பட்டியலைக் கணினி நிரலால் அணியாக மாற்றுவது எளிது. ஆனால் பிழை நுழைவதும் அங்கேதான்.

மூன்று நிரைகளில் நான்கு நான்காகப் பன்னிரண்டு பாத்திகள் உள்ளன எனக் கொள்வோம். நிரைவாரியாக அளந்த எண்கள்: 6, 12, 18, 24, 7, 13, 19, 25, 6, 11, 18, 23. நான்காம் நிரலின் சராசரி 24. உப்பு படியும் தறுவாய். இதே பட்டியலை ஆர் மொழியின் 'மேட்ரிக்ஸ்' செயற்கூறிடம் மூன்று நிரைகள் என்று மட்டும் கூறி அளித்தால், அது மேலிருந்து கீழாக நிரல் நிரலாக நிரப்பும். முதல் நிரை 6, 24, 19, 11 என்றாகிவிடும். இங்கு வியப்புக்குரியது ஒன்று: பிழையான அணியின் நிரல் சராசரிகளும் 12, 14.7, 16.7, 17.3 என ஒழுங்காகவே ஏறுகின்றன. கூட்டுத்தொகையும் மாறாமல் 182. எனவே ஐயம் எழாது. விளைந்து நிற்கும் பாத்தி இன்னும் விளையவில்லை என்றே அட்டவணை காட்டும்.

இவ்வேறுபாடு பழைய மரபின் விளைவு. 1957-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான், அணியை நிரல்வாரியாக நினைவகத்தில் வைத்தது. மேட்லேபும் ஆரும் அவ்வழியன. சி மொழி நிரைவாரியாக வைக்கும். பைத்தானின் நம்பை தொகுப்பும் இயல்பாக அவ்வாறே நிரப்பும். ஆர் மொழியில் 'பைரோ' என்னும் தெரிவை மெய் என அமைத்தால் சிக்கல் தீரும்.

ஆனால் வரப்பின்மேல் நடப்பவர் ஒவ்வொரு நிரைக்கும் தொடக்கத்திற்குத் திரும்பி வருவதில்லை. உழவுச்சால் போலப் போய்த் திரும்புவதே நடைமுறைக்கு எளிது. அப்போது இரண்டாம் நிரை 25, 19, 13, 7 எனப் பதிவாகும். அதை அணியாக்கியபின் இரட்டைப்படை நிரைகளைத் திருப்பியாக வேண்டும். ஒரு பாத்தி விடுபட்டால் நிலைமை மோசம்: பதினொரு எண்களைப் பன்னிரண்டு இடங்களில் இடச் சொன்னால் நம்பை மறுத்துவிடும், ஆரோ எச்சரிக்கை மட்டும் தந்து, முதலெண்ணையே மீண்டும் இட்டு நிரப்பும்.

இவற்றினும் பாதுகாப்பானது, ஒவ்வோர் அளவுடனும் நிரையெண்ணையும் நிரலெண்ணையும் களத்திலேயே எழுதுவதாகும். வெற்று அணியொன்றை முதலில் அமைத்து, அவ்விரு சுட்டெண்களைக் கொண்டு எண்களை உரிய இடத்தில் இட்டால் நடந்த வரிசை பொருட்டாகாது. அளக்காத பாத்தி வெற்றிடமாகவே நிற்கும்.